இன்னொரு டாக்டரிடம் போனால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

"குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கிறோம். வேறு டாக்டரிடம் ஒரு கருத்துக் கேட்கலாமா? இப்போது பார்ப்பவர் கோபித்துக்கொள்வாரா? எத்தனை பேரிடம் கேட்பது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: உங்களிடம் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்று சொல்லிவிட்டார்கள், 'அடுத்த பீரியட் வந்த ரெண்டாம் நாள் வாங்க' என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில்தான் இந்தக் கேள்வி மண்டையைக் குடையும். தாராளமாகக் கேளுங்கள். எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. டாக்டர்களைத் திட்டவும் வரவில்லை. 'நாலு கட்டுரை படித்துவிட்டு டாக்டருக்கே பாடம் எடுக்கிறார்கள்' என்று கருத்துப் போட வருபவர்கள், முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எனக்கு எச்எஸ்ஜி எடுத்தார்கள். கருப்பைக்குள் டை செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கருமுட்டை வரும் டியூப் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். வலது டியூபின் முனையில் அடைப்பு என்று ரிப்போர்ட் வந்தது. முதல் டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஐவிஎஃப்ல டியூபுக்கு வேலையே இல்லம்மா, முட்டையை வெளியே எடுத்து லேப்லதானே சேர்க்கிறோம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வெறும் அடைப்புக்கு அந்தப் பதில் சரிதான். ஐவிஎஃப் செய்தோம். எம்ப்ரியோ, அதாவது கரு, நல்ல தரம் என்றார்கள், ஆனால் கருப்பையில் ஒட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "சில சமயம் அப்படித்தான், ரிலாக்ஸா இருங்க" என்று அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது மறுபடி கரு வைக்க, தேதி கொடுத்தார். ரிலாக்ஸ் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை அந்த ஊசிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக நாங்கள் பார்த்த டாக்டர் வயதானவர். ஃபைலைப் புரட்டினார், டைப் அடித்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்தார், "எச்எஸ்ஜி ஃபிலிம் எங்கே?" என்றார். நல்லவேளை, என் கணவர் அதையும் எடுத்து வந்திருந்தார். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பேனாவை மூடியபடியே வைத்து, ஒரு கோட்டைத் தொடர்ந்து காட்டினார். இடது பக்கம் மெல்லிய கோடாகப் போய், முனையில் டை வெளியே சிந்திப் பரவியிருந்தது. வலது பக்கக் கோடு போகப்போகப் பருத்து, முனையில் சுருக்குப்பை போல உப்பி அப்படியே நின்றிருந்தது. ஒரு துளிகூட வெளியே வரவில்லை.

ஹைட்ரோசால்பிங்ஸ் என்றார். டியூப் அடைபட்டதோடு நிற்காமல் உள்ளே நீர் கோத்து வீங்கியிருக்கிறது. அந்த நீர் பின்பக்கமாகக் கருப்பைக்குள் கசியும், அங்கே வைத்த கரு ஒட்டுவது கஷ்டம். இதை வைத்துக்கொண்டு ஐவிஎஃப் செய்தால் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும், லேப்ராஸ்கோபியில் (சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) அந்த டியூபை எடுத்துவிட்டோ கருப்பையிலிருந்து துண்டித்தோ கரு வைத்தால் வாய்ப்பு கூடும் என்றார். "வெறும் அடைப்புன்னா நானும் உங்க டாக்டர் சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆபரேஷன் என்றதும் பயம் வந்துவிட்டது. மூன்றாவது ஒருவரிடம் போனோம். அவர் ஃபிலிமைக் கவரிலிருந்து எடுக்கவே இல்லை. ஆபரேஷனெல்லாம் வேண்டாம், கருப்பை உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று சொல்லி, கூடவே ஒரு நீளமான கூடுதல் சிகிச்சைப் பட்டியலையும் தந்தார். அந்தச் சுரண்டல் விஷயத்தை 1,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த பெரிய ஆய்வு 2019லேயே வெளியாகிவிட்டது. சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறப்பதில் வித்தியாசம் எதுவும் இல்லை. "இந்த டியூபை இப்படியே விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார்.

அதற்குமேல் நாங்கள் யாரிடமும் போகவில்லை. நாலு பேரிடம் கேட்டு, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள இது தேர்தல் இல்லை. படத்தைக் காட்டிக் காரணம் சொன்னவர் ஒருவர்தான், அவர் சொன்னதை எடுத்துக்கொண்டோம். ஆக, எத்தனை பேர் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் எண் இல்லை. எனக்குப் பிடித்த பதில் வரும்வரை தேடுவது வேறு, புரியாததைக் கேட்கப் போவது வேறு. 'எனக்கு என்ன பிரச்சினை?' என்று மொட்டையாகக் கேட்டால் எல்லோரும் முதலிலிருந்து டெஸ்ட் எழுதித் தருவார்கள். 'ஏன் ஒட்டவில்லை, மறுபடி வைக்கும் முன் என்ன மாற்ற வேண்டும்?' என்று கேளுங்கள்.

இதற்கு நடுவில் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லீவுக்குக் காரணம் 'மருத்துவம்' என்று போட்டால் போதாதாம், ரிப்போர்ட் இணைக்க வேண்டுமாம். இணைத்தேன். அது மேலாளரிடமிருந்து இன்னும் யார் யாருக்கோ போய், கடைசியில் நான் பேசியே பழகாத ஒருவர் லிஃப்டில் 'ஆல் தி பெஸ்ட்' சொன்னார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதினால்தான் ஆறும்.

சரி, எப்போது கேட்பது? முட்டை வளர்வதற்கான ஊசி தொடங்குவதற்கு முன், அல்லது ஒரு சுற்று தோற்றபின். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும், அந்த நேரத்தில் ஆள் மாற்றினால் சுற்றே வீணாகும். எம்ப்ரியோ ஃப்ரீஸில் இருந்தால் பதறவே வேண்டாம், மைனஸ் 196 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். முட்டை இன்னும் எடுக்கவில்லை, வயதும் 35ஐத் தாண்டிவிட்டது என்றால் மட்டும் கருத்துக் கேட்பதை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

கணவரின் டெஸ்டும் ஃபைலில் இருக்கட்டும். ஒரே ஒரு விந்துப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், இடையில் வந்த ஒரு கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். ஸ்கேன் பிரின்ட்டுகளை வாங்கியதும் போட்டோ எடுத்து வையுங்கள், நாளாக ஆக வெளுத்துவிடும். லேமினேட் செய்ய வேண்டாம், சூடு பட்டால் அந்தத் தாள் கறுத்துப்போகும்.

'கடைசியில் குழந்தை பிறந்ததா?' என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. பிறந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த டியூப் வீங்கித்தான் இருந்தது.

கோபத்துக்கு வருகிறேன். ரெக்கார்ட் நகல் கேட்டபோது ரிசப்ஷனில் முகம் சுளித்தார்கள், உண்மை. ஆனால் எங்கள் எம்ப்ரியோ அங்கேதான் இருந்தது, ஒளித்துச் செய்ய வழியில்லை. இரண்டாவது டாக்டரின் கடிதத்தோடு முதல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். படித்தார். ஃபிலிமை வாங்கி லைட் பெட்டியில் மாட்டி, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "சரி, முதல்ல இதை முடிச்சுட்டு வாங்க, எம்ப்ரியோ இங்கேயே இருக்கட்டும்" என்றார்.