பத்து பேர் சேர்ந்து ஒரு கோடி போடலாமா?

கேள்வி: சூளகிரி அருகே இருந்த பூர்விக நிலத்தை விற்றதில் 40 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் அதை பிரைவேட் ஈக்விட்டி நிதியில் போடச் சொல்கிறார். குறைந்தபட்ச முதலீடு ஒரு கோடியாம். அதனால் பத்து பேர் ஆளுக்குப் பத்து லட்சம் கொடுத்தால், தன் பெயரில் போட்டு ஆண்டுக்கு 18 சதவீதம் உறுதியாகத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

பிரைவேட் ஈக்விட்டி நிதிகள், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளில் இரண்டாம் பிரிவில் வருகின்றன. ஒரு கோடி என்பது அங்கே தலைக்கு வைத்த வரம்பு. நட்டம் வந்தால் தாங்கக்கூடியவர்கள் மட்டும் உள்ளே வரட்டும் என்றுதான் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். ஏலச்சீட்டுபோல ஆள் சேர்த்து அதை நிரப்பினால், நிதியின் பதிவேட்டில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். நாளை அவர் கைவிரித்தால், நிதி நிறுவனத்திடம் காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

'18 சதவீதம் உறுதி' என்ற பேச்சே எனக்குக் கவலை தருகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்கி, அதை விற்கும்போதுதான் இந்த நிதிகளுக்கு லாபமோ நட்டமோ தெரியும். உங்கள் மாவட்டத்தையே பாருங்கள். ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் 2013இல் தொடங்கி, 2025 மே மாதம்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. போச்சம்பள்ளி பக்கம் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் பங்கை 76 ரூபாய்க்கு வெளியிட்டது. அந்த மாதமே 150 ரூபாயைத் தாண்டிய விலை, பின்னர் வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கியது. இப்படிப்பட்ட தொழிலில் யாரால் உறுதி தர முடியும்? அண்மை ஆண்டுகளில் பெரிய முதலீட்டாளர்கள் பலர் ஐபிஓ எனும் முதல் பொதுப் பங்கு வெளியீட்டின் வழியாகத்தான் வெளியேறுகிறார்கள். அவர்கள் விற்பதை வாங்குவோரில் நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இந்த நிதிகளின் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள். முதலீட்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டலாம். நடுவில் மகள் திருமணம், மருத்துவச் செலவு என்று போய் நின்றால் பணம் கிடைக்காது.

அவர் சொல்லும் நிதி உண்மையில் இருக்கிறதா என்று செபி இணையதளத்தில் பதிவு எண்ணை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால், மற்ற ஒன்பது பேரிடமும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் 40 லட்சத்தில் அவசரத் தேவைக்கானதை வங்கி வைப்பில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு வைப்புக் காப்பீடு ஐந்து லட்சம் வரைதான் என்பதால் பிரித்துப் போடுவது நல்லது. நீண்ட காலத்துக்கு ஒதுக்கக்கூடியதை மியூச்சுவல் ஃபண்டில் சிறிது சிறிதாகப் போடலாம். அதற்கும் முன்பாக ஆடிட்டரைப் பாருங்கள். விற்றது விவசாய நிலம் என்றால், நகராட்சி எல்லையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து மூலதன ஆதாய வரி வரலாம், வராமலும் போகலாம்.