கால்வாய்க் கரையில் வசந்தம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். மன்னார்குடியிலிருந்து வந்து எட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஈசூனில் ஐந்தாம் மாடியில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. போன வருடம் போனஸ் பணத்தில் ஒரு கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கினேன். வெளியே எங்கும் போக நேரம் கிடைப்பதில்லை, அதனால் வீட்டைச் சுற்றி வரும் பறவைகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாளாக எங்கள் வாசலில் ஒரு விசேஷம். தாழ்வாரத்தில் வைத்திருக்கும் காகிதப்பூச் செடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. தாய் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அலகு மட்டும் வெளியே தெரிகிறது. ஒரே ஒரு கிளைதான் குறுக்கே வந்து மறைக்கிறது. அதை மட்டும் வெட்டிவிடலாமா?

இரண்டாவது, சமையலறை ஜன்னலில் இருந்து எடுக்கும் படங்கள் எல்லாம் வெள்ளை வானத்தில் கறுப்பு நிழலாக விழுகின்றன. என்ன செய்வது?

மூன்றாவது என் மகள் கேட்டது. தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். வசந்த காலத்தில் பறவைகள் கூடு கட்டும் என்று ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு, “இங்கே எப்பப்பா வசந்தம் வரும்?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் பங்குனி என்றால் வேப்பம்பூ, குயில் என்று ஏதாவது அடையாளம் இருக்கும். இங்கே வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. நீங்கள் பல வருடமாகப் பறவைகளைக் குறித்து வைப்பவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
ஈசூன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றே, வெட்ட வேண்டாம் என்று தனியாக ஒரு வரி எழுதிவிட்டேன். பிப்ரவரி, மார்ச்சில் இதே கேள்வி இன்னும் சிலரிடமிருந்தும் வருகிறது. அதனால் காரணத்தை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தக் கிளை உங்கள் லென்ஸுக்கு மட்டும் குறுக்கே நிற்கவில்லை. காகம், மைனா, ஓணான் எல்லாவற்றின் கண்ணுக்கும் குறுக்கே நிற்கிறது. தாய் அந்த இடத்தைத் தேர்ந்ததே அந்த மறைவை நம்பித்தான். 2009இல் கிளமெண்டியில் இருந்தபோது என் தொட்டிச் செடியில் மஞ்சள் பின்புறச் சின்னான் கூடு வைத்தது. நீங்கள் சொல்கிற மாதிரியே இரண்டு சின்னக் கிளைகள் மறைத்தன. வெட்டினேன். படம் நன்றாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் காலையில் கூடு காலி. எது எடுத்துப் போனது என்று நான் பார்க்கவில்லை. தாயும் தகப்பனும் வாயில் புழுவோடு வந்து அந்தக் காலிக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்ததை மட்டும் பார்த்தேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

உங்கள் வாசலில் இருப்பது எவ்வளவு பெரிய வேலைப்பாடு என்று கொஞ்சம் பாருங்கள். கட்டியது பெண் சிட்டு மட்டும்தான். காய்ந்த புல், இலைத்துணுக்கு, மரப்பட்டை நார் எல்லாவற்றையும் சிலந்தி வலையை வைத்து ஒட்டித் தைத்து, ஒரு சுருக்குப்பை மாதிரி தொங்க விட்டிருக்கும். பக்கவாட்டில் வாசல். அதற்கு மேலே கூரை வீட்டு இறவாணம் போல ஒரு சின்ன நீட்டல், மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. கீழே வால் போல ஒரு தொங்கல் இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் கிளையில் சிக்கிய சருகுக் குப்பை என்றுதான் தோன்றும். உள்ளே பஞ்சு போன்ற மெத்தை, பெரும்பாலும் இரண்டு முட்டை. அடைகாப்பதும் பெண்தான். தொண்டை முழுக்க மஞ்சளாக இருந்தால் அது தாய். தொண்டையும் மார்பும் கருநீலமாக மின்னுகிற ஆண் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து கீச்சிடும், குஞ்சு பொரித்த பிறகு இரை கொண்டுவரும் வேலையில் சேர்ந்துகொள்ளும்.

முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சுகள் பறக்க அதற்கப்புறம் இன்னும் இரண்டு வாரம் போல. ஆக ஒரு மாதம்தான் கணக்கு. தாய் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது மூன்று வாரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். அதுவரை தொட்டியை நகர்த்தாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். செடிக்குத் தண்ணீரை மண்ணில் மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொட்டி அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டாரிடமும் துப்புரவு செய்ய வருகிறவரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். செடியில் ஒரு சீட்டு எழுதி மாட்டினால் இன்னும் நல்லது. எங்கள் புளோக்கில் ஒரு சீனப் பாட்டி அப்படிச் சீட்டு மாட்டினார். குஞ்சு பறக்கும்வரை அந்த மாடிப் பிள்ளைகள் எல்லாம் செடிக்கு அருகில் வரும்போது தாங்களாகவே குரலைக் குறைத்துக்கொண்டு நடந்தார்கள்.

சரி, படம் எடுக்கவே கூடாதா? எடுங்கள், ஆனால் கூட்டை விட்டுவிட்டு வழியை எடுங்கள். தாய் ஒரே பாதையில்தான் வரும். முதலில் கம்பியில் உட்காரும், பிறகு ஒரு குறிப்பிட்ட கிளை, பிறகு கூடு. இரண்டு நாள் கேமரா இல்லாமல் வீட்டுக்குள் இருந்து பாருங்கள், அந்தக் கிளை எது என்று தெரிந்துவிடும். பிறகு முன்னறை விளக்கை அணைத்துவிட்டு, திரைச்சீலை இடுக்கில் இருந்து அந்தக் கிளைக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அலகில் பூச்சியோடு ஒரு நொடி உட்காரும்போது கிடைக்கிற படம், கூட்டுக்குள் இருந்து அலகு மட்டும் நீட்டுகிற படத்தைவிட எனக்கு நூறு மடங்கு பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் தாய் வராமல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது என்றால் காரணம் நீங்கள்தான், உடனே உள்ளே போய்விடுங்கள். எந்த புளோக், எந்த மாடி என்பதைப் படத்தோடு எங்கும் போடாதீர்கள். ஒரு கூட்டின் இடம் தெரிந்தால் மறுநாளே அங்கே எத்தனை கேமரா முக்காலிகள் நிற்கும் என்பதை இந்த ஊரில் நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

குஞ்சு தவறிக் கீழே விழுந்தால் பயப்படாமல் எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது நம்மூரிலும் சொல்வார்கள், அது உண்மை இல்லை.

கறுப்பு நிழல் பிரச்சினைக்கு விடை சுருக்கமானது. கேமரா வெள்ளை வானத்தைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது. எக்ஸ்போஷரை +1 அல்லது அதற்குச் சற்று மேலே ஏற்றுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிடக் குறைய வேண்டாம், பூ முன்னால் அந்தரத்தில் சிறகடிக்கும் தேன்சிட்டுக்கு 1/2000 இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். ஆனால் இவற்றைவிடப் பெரிய வசதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாம் மாடி! கீழே நிற்பவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு பறவையின் வயிற்றைப் பார்க்கிறார்கள். உங்களுக்குத் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சி கண்மட்டத்தில் இருக்கிறது. வானத்தில் இருக்கிற பறவையை விட்டுவிட்டு, பின்னால் இன்னொரு மரத்தின் பச்சை விழுகிற கிளையில் வந்து உட்காரும் பறவைக்குக் காத்திருங்கள். மாங்குயிலும் பச்சைப்புறாவும் அந்த உயரத்துக்குத்தான் வரும். இங்கே காலை ஏழு மணி சுமாருக்குத்தான் விடிகிறது, எட்டிலிருந்து ஒன்பதரை வரை நல்ல வெளிச்சம். ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டடி உள்ளே தள்ளி நின்று எடுங்கள். வாரைக் கழுத்தில் மாட்டாமல் ஒருபோதும் எடுக்காதீர்கள், கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

எதிர் புளோக்கையும் மறந்துவிடாதீர்கள். நாம் மாங்குயிலைப் பார்க்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரிவது தங்கள் ஜன்னலைப் பார்த்து நீட்டிய ஒரு நீளமான லென்ஸ். நான் புது வீட்டுக்கு வந்த முதல் வாரமே எதிரே நேர் மாடியில் இருந்த மலாய்க் குடும்பத்திடம் போய்ப் படங்களைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அந்த அம்மா, “உன் பறவை வந்திருக்கு” என்று கையசைத்துச் சொல்கிறார்.

இனி உங்கள் மகளின் கேள்வி. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகலின் நீளம் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. பனி உருகுவது கிடையாது, மொட்டை மரம் துளிர்ப்பது கிடையாது. தேன்சிட்டுக்கும் சின்னானுக்கும் வசந்தம் தேவையும் இல்லை, பல மாதங்களில் அவை கூடு கட்டும். ஆனால் இதே மாதங்களில், ஈசூன் கால்வாயில் நின்று மீன் பிடிக்கிற ஒரு பறவைக்கு வசந்தம் வந்துகொண்டிருக்கிறது. மடையான் என்ற சின்னக் கொக்கைச் சொல்கிறேன். மன்னார்குடி வயல் வரப்பில் பார்த்திருப்பீர்களே, அதன் உறவினர்கள்தான் இவை. இங்கே அதிகம் வருவது சீன மடையானும் ஜாவா மடையானும். அக்டோபரில் இருந்து பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாதிரி, பழுப்புக் கோடு போட்ட சேற்று நிறம். பல வருடம் பழகியவர்களே எது எது என்று அந்த மாதங்களில் சொல்லத் தயங்குவார்கள். மார்ச்சில் நிறம் ஏறத் தொடங்கும். ஒன்றின் தலையும் கழுத்தும் பாக்குக் கறை மாதிரி அடர்ந்த செம்பழுப்பாகும், அது சீன மடையான். இன்னொன்றின் தலை வெளிறிய பொன் நிறமாகும், அது ஜாவா மடையான். ஏப்ரல் நடுவில் பார்த்தால், ஆறு மாதமாகக் கண்டுகொள்ளாமல் கடந்துபோன அதே கொக்கா இது என்று நின்றுவிடுவீர்கள்.

சீன மடையான் உடுத்திக்கொள்வது இந்த ஊரின் வசந்தத்தை இல்லை. வடக்கே தான் போய்க் கூடு கட்டப்போகிற ஊரின் வசந்தத்தை இங்கிருந்தே உடுத்திக்கொண்டு புறப்படுகிறது. பகலின் நீளம் மாறாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, புறப்படும் நேரம் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பறவைகளின் உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சத்தை மாற்றாமல் கூண்டில் வைத்திருந்த வலசைப் பறவைகளும் உரிய பருவத்தில் இறகு மாற்றிக்கொண்டு, இரவில் புறப்படத் தவித்தது ஆராய்ச்சிகளில் தெரியவந்திருக்கிறது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு ஏப்ரலில் போனால் பொன்னிற உப்புக்கொத்தி என்ற கரைப்பறவைகளிலும் இதைப் பார்க்கலாம். வெளிறிய வயிற்றோடு வந்தவை கறுப்பு வயிறும் பொன் பொட்டுமாக நிற்கும். அவை போவது சைபீரியா பக்கம், அங்கே அப்போது இன்னும் பனி கிடக்கும்.

அதனால் மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இங்கே வசந்தம் என்பது யார் யார் கிளம்புகிறார்கள் என்று பார்க்கிற காலம். தகைவிலான்கள், பழுப்புக் கீச்சான், ஈப்பிடிப்பான் எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பரில் இருந்து ஒவ்வொன்றாக வந்தவை, ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் போய்விடும். வருவதைக் கவனிப்பது சுலபம், புது முகம் கண்ணில் பட்டுவிடும். போவதைக் கவனிப்பதுதான் கஷ்டம். நேற்று கடைசியாகப் பார்த்தோம் என்பது பத்து நாள் கழித்துத்தான் புரியும். அதற்குத்தான் நோட்டு. ஒரே ஜன்னல், ஒரே கால்வாய், தினமும் ஐந்து நிமிடம், தேதி போட்டு எழுத வேண்டும். பறவை கண்ணில் படாத நாளில் ‘இல்லை’ என்றும் எழுத வேண்டும். கேமரா அந்த நோட்டுக்கு உதவியாள். என்னிடம் இருக்கும் மடையான் படங்களில் பாதி மங்கல்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் கழுத்தின் நிறமும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. எனக்கு அவை போதும்.

மகளுக்குப் பறவையைக் கிட்டே கொண்டுவர வேண்டும் என்று சோறோ ரொட்டியோ வைத்துவிடாதீர்கள். 2020 ஜூன் முதல் காட்டு உயிர்களுக்கு உணவளிப்பதற்கு முதல் தடவை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், சோறு வைத்தால் மைனாவும் புறாவும்தான் பெருகும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் அதில் டெங்கிக் கொசு முட்டையிடும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் தொட்டியில் வளருங்கள், தேன்சிட்டு தானாகவே வரும். செம்பருத்தியின் அடிப்பக்கத்தை அலகால் துளைத்துத் தேன் எடுப்பதை அவள் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் ஜன்னலை விட்டு நகர மாட்டாள்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் இருந்து கால்வாய்ப் பக்கம் அவளையும் அழைத்துப் போங்கள். கழுத்தில் நிறம் ஏறத் தொடங்கிய தேதி, அந்தக் கொக்கைக் கடைசியாகப் பார்த்த தேதி, இரண்டையும் அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என் நோட்டில் கிளமெண்டியும் ஜூரோங்கும் இருக்கின்றன, ஈசூன் இல்லை.

அன்புடன்,
அக்கா