பிள்ளையின் பணத்தைத் தொடலாமா?

கேள்வி: என் கணவருக்குக் கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாத வட்டி 3.5 சதவீதம். மாதாமாதம் 4,000 ரூபாய் கட்டுகிறார், கடன் அசைவதாகத் தெரியவில்லை. மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று என் பெயரில் 1,50,000 ரூபாய் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது, வட்டி 7 சதவீதம். அதை எடுத்துக் கார்டை அடைக்கலாம் என்றால், "பிள்ளை பணத்தில் கை வைக்காதே" என்று கோபித்துக்கொள்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கணக்கு உங்கள் பக்கம்தான். 80,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,800. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 504. ஆக, அவர் கட்டும் 4,000 ரூபாயில் 3,304 அப்படியே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 696 ரூபாய். கார்டை இனித் தொடாமலே இருந்தாலும் இப்படிக் கட்டி முடிக்க மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதே 80,000 ரூபாய் டெபாசிட்டில் மாதத்துக்கு ஈட்டித் தருவது சுமார் 467 ரூபாய்.

அதற்காக உங்கள் கணவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இந்தப் பழக்கத்தைத்தான் 'மனக்கணக்கு' என்றார். வாய்ப்பாடு சொல்லிப் போடும் மனக்கணக்கு அல்ல. இது பால்காரருக்கு, இது சீட்டுக்கு, இது படிப்புக்கு என்று நாம் மனத்துக்குள் பணத்தைப் பிரித்துப் போட்டுவைக்கும் பழக்கம். ரூபாய் எல்லாம் ஒன்றுதான், பெயர் வைத்த பிறகு ஒன்றாக இருப்பதில்லை.

அந்தப் பெயருக்குப் பலனும் உண்டு. திலீப் சோமன், அமர் சீமா என்ற இருவர் இந்தியாவில் கூலித் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2011-இல் வெளியிட்டார்கள். வாரக் கூலியில் ஒரு பகுதியை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருடைய உறையின் மேல் அவரவர் பிள்ளைகளின் படம். படம் இருந்த உறைக்காரர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள். பிள்ளையின் முகத்தைக் கிழித்துப் பணத்தை எடுக்க யாருக்குத்தான் கை வரும்? உங்கள் கணவரின் கோபம் அதுதான். டெபாசிட்டை ஒருமுறை உடைத்தால் திரும்பச் சேராது என்ற பயமும் அதில் கலந்திருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பயம் பெரும்பாலும் பலித்துவிடுகிறது.

ஆகவே உறையைக் கிழிக்காத ஒரு வழி. டெபாசிட்டை அடகாக வைத்து வங்கியில் 80,000 ரூபாய் கடன் வாங்கி, அதைக் கொண்டு கார்டை அடையுங்கள். டெபாசிட்டுக்குத் தரும் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள், அவ்வளவுதான். (வரிச்சலுகைக்கான ஐந்தாண்டு டெபாசிட் என்றால் இந்த வசதி கிடையாது, ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) 9 சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி 600 ரூபாய். கார்டுக்குக் கட்டும் அதே 4,000 ரூபாயை இங்கே கட்டினால் 22 மாதத்தில் கடன் தீரும். மகளின் டெபாசிட் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு அப்படியே இருக்கும். உடைத்தால் இன்னும் கொஞ்சம் லாபம் என்று கணக்குப்புலி யாராவது சொல்வார். உண்மைதான். ஆனால் வீட்டுச் சண்டையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடன் தீரும்வரை கார்டு உங்கள் பீரோவில் இருக்கட்டும். பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், மளிகைச் சாமானுக்கும்கூட. 22 மாதம் முடிந்ததும் அதே 4,000 ரூபாயை அதே தேதியில் மகளுக்கென்று ஓர் ஆர்.டி.க்குத் திருப்பிவிடுங்கள். கட்டிப் பழகிய பணம், கை கடிக்காது.

கார்டை அடைக்கும்போது பில்லில் உள்ள தொகையைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டாம். வட்டி நாள்கணக்கில் ஏறும். கட்டும் அன்றைக்கு முழுப் பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சில நூறு ரூபாய் மிச்சம் நின்று அடுத்த மாதம் இன்னொரு பில் வரும்.