தேர்தல் பத்திரம் ஒழிந்த பிறகு கட்சிகளின் நிதி வெளிப்படையாகிவிட்டதா?

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க ஸ்டேட் வங்கியில் விற்கப்பட்ட தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் இனி எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது மக்களுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. நிறுவனங்கள் கொடுக்கும் பெருந்தொகைகளைப் பொறுத்தவரை நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. ஆனால் 20,000 ரூபாய்க்கு மேற்படாத நன்கொடைகள் அன்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் அது நான் அன்றாடம் பார்க்கும் விஷயம்.

மும்பை சயானில் கணக்கு எழுதுவதும் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வதும் என் தொழில். தாராவிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பள்ளிக் கட்டணமும் கொடுக்கும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கும் சம்பளம் வாங்காமல் கணக்குப் பார்க்கிறேன். 90 அடி ரோட்டுப் பக்கம் இட்லி அவித்து விற்கும் ஒரு அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும்போது 500 ரூபாய் கொண்டுவந்து கொடுப்பார். 2022இல் அவரிடம் ஆதார் எண் கேட்க வேண்டியதாயிற்று. "ஐந்நூறு ரூபாய்க்கு ஆதார் எதற்குத் தம்பி? நான் என்ன கடனா வாங்குகிறேன்?" என்றார். எனக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது.

சட்டம் அப்படி. வரிவிலக்குச் சலுகை பெற்ற அறக்கட்டளைகள் தங்களுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் கொடையாளரின் பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண்ணோடு ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சத்தையோ மொத்த நன்கொடையில் 5 சதவீதத்தையோ, இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கும் பணத்திற்கு இவ்வளவு கெடுபிடி.

இப்போது கட்சிக்கு வாருங்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் அவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு மேற்படாத தொகைக்குப் பெயர், முகவரி எழுதிவைக்க வேண்டும் என்றுகூட வருமான வரிச் சட்டம் கேட்பதில்லை. 2017இல் ரொக்கத்துக்கு 2,000 ரூபாய் என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அதனால் 2,000க்கு மேற்பட்ட பணம் வங்கி வழியாக வர வேண்டும், அதற்கு ஒரு தடமாவது இருக்கும். ஆனால் ஒரு பெருந்தொகையை 2,000 ரூபாய்த் துண்டுகளாக நறுக்கி, அத்தனையும் தொண்டர்கள் உண்டியலில் போட்டது என்று கணக்கில் எழுதினால் அதை மறுக்க யாரிடமும் ஒரு காகிதம் இருக்காது. ஒரு தணிக்கையாளர் அந்தக் கணக்கை எதை வைத்துச் சரிபார்ப்பார்? ரசீதின் அடிக்கட்டையில் பெயரே இல்லையே. கூப்பன் விற்று வரும் பணமும் இப்படித்தான். இத்தனைக்கும் கட்சிக்கு வரும் நன்கொடைகளுக்கு வரிவிலக்கு உண்டு. 20,000க்கு மேற்பட்டவர்களின் பட்டியலைக் கொடுக்கத் தவறினால் அந்த விலக்கு போகும், அதற்கு மேல் அந்தச் சட்டப் பிரிவில் தண்டனை எதுவும் கிடையாது.

சின்னத் தொகையின் பெயரில் நடக்கும் மோசடி மட்டுமல்ல, கட்சியின் பெயரிலேயே நடக்கும் மோசடியும் உண்டு. ஜூலை மாதத்தில் எங்கள் அலுவலகப் படியேறும் தரகர்களைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கும். பெயரே கேள்விப்பட்டிராத ஒரு கட்சிக்கு ஒரு லட்சம் ரூபாய் காசோலை கொடுங்கள், எங்கள் கழிவைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், ரசீதைக் காட்டி முழு லட்சத்துக்கும் வரிச்சலுகை வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் எனக்குத் தெரியாமல் இதில் மாட்டிக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வந்தது. வரியையும் வட்டியையும் கட்டிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். பதிவு மட்டும் செய்துகொண்டு தேர்தலிலேயே நிற்காத கட்சிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2025 ஆகஸ்டில் அப்படிப்பட்ட 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. நல்ல காரியம். பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

இனி தேர்தல் பத்திரம். 2018 முதல் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றன. யார் வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்பது மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் இது வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு எதிரானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். விவரம் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியவர் விவரமும் பணமாக்கிய கட்சி விவரமும் தனித்தனி உறைகளில் முத்திரையிட்டு மும்பை முதன்மைக் கிளைக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன, இரண்டையும் பொருத்திப் பார்க்க நாளாகும் என்று காரணம் சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது.

மார்ச் எங்கள் தொழிலில் தலைநிமிர நேரமில்லாத மாதம். ஆனாலும் பத்திர எண்கள் வெளியான 21ஆம் தேதி இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பக்கம் வாங்கியவர், மறுபக்கம் கட்சி, நடுவில் எண். கணக்குப் பிள்ளைக்கு இதைவிட எளிய வேலை உண்டா? அதிகம் பெற்ற கட்சி பாரதிய ஜனதா. அதிகம் வாங்கியது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போயிருந்தது. கொடுத்தவர்களின் பெயரைக் கேட்டு வாங்கித் தானாகவே தெரிவித்த சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்ப்பால் நிறுவனங்களுக்கான பழைய விதிகள் திரும்பிவிட்டன. மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். தேர்தல் அறக்கட்டளை என்ற வழி மட்டும் கொஞ்சம் மங்கலானது. பல நிறுவனங்களின் பணம் அங்கே ஒன்றாகச் சேர்ந்து பல கட்சிகளுக்குப் பிரிகிறது. இன்னார் பணம் இன்ன கட்சிக்குப் போனது என்று சொல்ல முடிவதில்லை.

நிறுவனப் பணத்தைப் பற்றிய கவலை இன்று நேற்று வந்ததல்ல. டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நிதி கொடுக்க அனுமதி கேட்ட வழக்கில், 1957இலேயே இந்த ஊர் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டப்படி தடுக்க முடியாவிட்டாலும் இது மக்களாட்சியின் குரல்வளையை நெரிக்கும் ஆபத்து என்று எச்சரித்தார். கோட்டைப் பகுதியில் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பெயர் வெளியே வந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்காதா என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரண மனிதரைப் பொறுத்தவரை இது நியாயமான பயம். இட்லிக்கார அக்கா ஒரு கட்சிக்கு 500 ரூபாய் கொடுத்தால் அது அவர் மனசாட்சி. அதை இணையத்தில் போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அந்த 500 ரூபாயால் எந்த ஒப்பந்தமும் கைமாறாது. நான் கேட்பது வேறு. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் ஒரு வழி சொன்னது: 20,000 ரூபாய்க்கு மேற்படாத நன்கொடைகளின் கூட்டுத்தொகை 20 கோடியையோ கட்சி பெற்ற மொத்த நன்கொடையில் 20 சதவீதத்தையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால், அந்தக் கட்சி எல்லா விவரங்களையும் வெளியிட வேண்டும். உண்மையிலேயே ஏழை எளியவரிடம் கொஞ்சமாக வசூலிக்கும் சின்னக் கட்சியும் அந்த 20 சதவீதத்தைத் தாண்டினால் விவரம் சொல்ல வேண்டிவரும். ஆனால் சின்ன நன்கொடை என்ற பெயரில் கோடிகளை ஒளிப்பவர்கள் மாட்டுவார்கள். பத்தாண்டு தாண்டியும் அது சட்டமாகவில்லை.

அக்கா அன்றைக்கு ஆதார் அட்டையை எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். இந்த ஜூனிலும் கேட்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட்டார்.