கேளுங்கள், சொல்கிறேன்: பிரெஞ்சில் ஆணும் பெண்ணும்

மேசை பெண்பால், சூரியன் ஆண்பால் என்கிறார் பிரெஞ்சு ஆசிரியர். இதில் ஏதாவது லாஜிக் உண்டா?
*- கல்லூரி மாணவி, விழுப்புரம்*

உண்டு, ஆனால் மேசையில் தேடினால் கிடைக்காது. தமிழில் பொருளைப் பார்த்தே திணையும் பாலும் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் பால் சொல்லுக்குத்தான். பர்ஸைப் பறிகொடுத்த ஆறடி ஆண்பிள்ளையும் அங்கே 'ஊன் விக்தீம்' (பாதிக்கப்பட்டவர்), அதாவது பெண்பால்! மேசைக்கு லத்தீனில் மூலமான 'தாபுலா' பெண்பால். பிரெஞ்சு அதை அப்படியே வைத்துக்கொண்டது. லத்தீனில் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாவது பாலும் இருந்தது. அது மறைந்தபோது அதிலிருந்த சொற்கள் பெரும்பாலும் ஆண்பாலுக்குப் போயின. கடல் போன்ற சில அடம்பிடித்தன. நீஸ் நகரில் பெண்பாலாக இருக்கும் கடல், எல்லை தாண்டி இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போனால் ஆண்பால்.

சரி, எப்படி நினைவில் வைப்பது? சொல்லின் கடைசியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் நேஷன், ஸ்டேஷன், எமோஷன் என்று வருபவை பிரெஞ்சில் 'சியோன்' என முடியும். ஒன்றிரண்டு தவிர எல்லாம் பெண்பால். கவர்ன்மென்ட், அபார்ட்மென்ட் வகையறா ஆண்பால். 'ஆஜ்' என்று முடிபவையும் பெரும்பாலும் ஆண்பால்தான்: ஃப்ரொமாஜ் (பாலாடைக்கட்டி), வொயாஜ் (பயணம்). ஆனால் கடற்கரை, பக்கம், கூண்டு, படம் என்று சில முரண்டு பிடிக்கும். அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

என் வகுப்பில் வெறுமனே 'தாப்ல்' என்று எழுதிய நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'ஊன் தாப்ல்' (ஒரு மேசை) என்று எழுத வேண்டும்; 'ஊன்' என்பது 'ஒரு' என்பதன் பெண்பால். ஆங்கில 'தி' போன்ற 'லா' போதாதா என்பார்கள்; ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா'. போதாது. உயிரொலிக்கு முன்னால் 'லெ', 'லா' இரண்டுமே 'ல்' என்று சுருங்கிவிடும். 'லேகோல்' என்றால் பள்ளிக்கூடம் ஆணா பெண்ணா, யாருக்குத் தெரியும்? 'ஊன் ஏகோல்' என்றால் சந்தேகமே இல்லை.

ஆங்கிலத்தில் மட்டும் இந்தத் தொல்லை ஏன் இல்லை?
*- வங்கி ஊழியர், திருச்சி*

இருந்த தொல்லைதான், ஒழிந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் மூன்று பால். சூரியன் பெண்பால், நிலா ஆண்பால்; இன்றைய பிரெஞ்சுக்கு நேர் எதிர். இதைவிட வேடிக்கை, பெண்ணைக் குறித்த 'வீஃப்' (இன்றைய 'வைஃப்'பின் பாட்டி) பெண்பாலே இல்லை, மூன்றாம் பால்! விகுதிகள் தேயத் தேய, 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாலும் போய்விட்டது. கப்பலை 'ஷி' என்கிற வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. லண்டனின் பழைய கப்பல் செய்தித்தாள் 'லாய்ட்ஸ் லிஸ்ட்' 2002-இல் அதையும் விட்டு 'இட்'டுக்கு மாறியது.

கோவிட் ஆணா, பெண்ணா?
*- வாசகர், காரைக்கால்*

முதலில் பிரான்சில் பெரும்பாலானோர் 'லெ கோவிட்' என்றுதான் சொன்னார்கள். 2020 மே மாதம் பிரெஞ்சு மொழியின் காவலரான பிரெஞ்சு அகாதமி குறுக்கிட்டு, கடைசி எழுத்தான 'டி' ஆங்கில 'டிசீஸ்', அதாவது நோயைக் குறிக்கிறது, நோய் என்பதற்கான 'மலாதி' பெண்பால், ஆகவே 'லா கோவிட்' என்றது. காரணம் சரி, ஆனால் கொஞ்சம் தாமதம். பேச்சில் ஆண்பால் ஏற்கெனவே ஊறிவிட்டது. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. கட்டுரையில் எதை எழுதினாலும் கடைசி வரி வரை அதையே எழுதுங்கள்.