தூணுக்கு அடியில் என்ன நடக்கிறது? வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

பாலங்கள், கட்டடங்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் தூண்களைப் பற்றியவை. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. பாலத் தூணுக்கு அடித்தளமாக ஆற்றில் கிணறு இறக்கும் வேலையில் இளம் பொறியாளனாகச் சேர்ந்து, பாலப் பணியிலேயே ஓய்வு பெற்றவன் நான். மேலே ஓடும் ரயிலை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைத் தாங்கி நிற்பதைப் பற்றிக் கேட்க ஆள் குறைவு.

1964 புயலில் பாம்பன் ரயில் பாலம் உடைந்தது என்கிறார்கள். 46 நாளில் சரிசெய்ததாகவும் சொல்கிறார்கள். கடலில் அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது?
வாசகி, சிவகாசி

தூண்களில் பெரும்பாலானவை அசையாமல் நின்றதால்தான் முடிந்தது. 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பாலம் அது, 145 கண்கள் கொண்டது (கண் என்பது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி). 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே புயலில் பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. கர்டர் என்பது இரண்டு தூண்களுக்கு நடுவே கிடக்கும் இரும்பு உத்தரம். பெரும்பாலும் தன் எடையால்தான் அது தூணின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கடல் மட்டம் ஏறி, அலை அடியிலிருந்து முட்டினால் எழும்பிச் சரிந்துவிடும். தூண் கனத்த கட்டுமானம், கால் தரைக்குள் ஊன்றியது. அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடிக் கண்டுபிடிக்க மீனவர்கள் உதவினார்கள். அவற்றைத் தூக்கி எடுத்து, நின்ற தூண்களின் மேல் மறுபடி வைத்தார்கள். தூண்களையும் புதிதாகக் கட்டவேண்டி வந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு.

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 333 பைல்கள், அதாவது தரைக்குள் ஆழமாக ஊன்றிய கால்கள், கடலடிக்குள் இறங்கியிருக்கின்றன. உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். மண்டபம் ஊர்ப் பக்கத்து உப்புக்காற்று இரும்பை அப்படித் தின்னும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகங்களைச் சோதிக்க மண்டபத்திலேயே ஓர் இடம் வைத்திருப்பது அதனால்தான். கடல் தூணில் மிக மோசமாகக் கெடுவது எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி என்று நினைப்பீர்கள். இல்லை. அலை பட்டு நனைவதும் வெயிலில் காய்வதுமாக இருக்கும் நடுப்பகுதிதான். அங்கேதான் உப்பும் காற்றும் ஈரமும் ஒன்றாகச் சேர்கின்றன.

2018-ல் கொள்ளிடம் பழைய பாலம் வெள்ளத்தில் விழுந்தது. அப்போது அதில் வண்டியே ஓடவில்லை. பாரமே இல்லாத பாலம் ஏன் விழ வேண்டும்?
கல்லூரி மாணவர், ஸ்ரீரங்கம்

தம்பி, உங்கள் கேள்விக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் நடுவே 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் அது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் 2016-ல் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். உபரி முழுவதும் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் பாய்ந்தது. தூண்கள் சரிந்தன, மேலே இருந்த கர்டர்களும் போயின. அதே மாதம் 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகளும் இடிந்து விழுந்தன. ஒரே ஆறு, ஒரே வெள்ளம்.

ஆற்றுப் பாலத் தூணை மேலே போகும் பாரம் சாய்ப்பது அரிது. தண்ணீர் காலடி மணலை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. கடற்கரையில் நிற்கும்போது திரும்பும் அலை குதிகாலுக்குக் கீழே மணலைப் பறித்துக்கொண்டு போகுமே, அதேதான். ஓடிவரும் நீர் தூணின் முகத்தில் முட்டியதும் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்கிறது. தரையைத் தொட்டதும் சுழலாகச் சுருண்டு தூணின் இரு பக்கமும் ஓடுகிறது. அந்தச் சுழல் மணலைத் தோண்டி வீசிவிடும். நாங்கள் இதை ‘ஸ்கவர்’ என்போம், மண்ணரிப்பு.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடியும்போது ஆறு கொண்டுவரும் மணலே அந்தப் பள்ளத்தை மூடிவிடும். பதினைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றித் தரை சமமாக, எதுவும் நடக்காதது போல இருக்கும். ஆனால் அது பொலபொலவென்ற புது மணல். பழைய இறுகிய மண்ணின் பிடிப்பு அதில் கிடையாது. அடுத்த வெள்ளத்தில் முதலில் போவது அதுதான்.

இதற்காகத்தான் கிணறு இறக்குகிறோம். ஆற்று மணலில் பெரிய வட்டக் கிணறு ஒன்றைக் கான்கிரீட்டில் கட்டி, உள்ளே இருக்கும் மணலைக் ‘கிராப்’ என்ற கவ்விவாரி போட்டு வாரி எடுக்க எடுக்க, அது தன் எடையில் கீழே இறங்கும். அடியில் இரும்பு வெட்டுமுனை இருக்கும். ஒரு பக்கம் பாறையோ பழைய மரமோ தட்டினால் கிணறு சாயும். அப்போது முக்குளிப்பவர் உள்ளே இறங்கிக் கையால் தடவிப் பார்த்துச் சொல்வார், மேலே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வேண்டிய ஆழம் வந்ததும் அடியைக் கான்கிரீட்டால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி போட்டு, அதன்மேல்தான் தூண் எழும்பும்.

எவ்வளவு ஆழம்? கால்வாய்ப் பொறியாளர் ஜெரால்ட் லேசி தந்த சூத்திரத்தை வைத்து, வெள்ள மட்டத்திலிருந்து ஆறு சராசரியாக எவ்வளவு ஆழம் தோண்டும் என்று கணக்கிடுவோம். தூண் அருகே அதை இரண்டு மடங்காக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னும் மூன்றில் ஒரு பங்காவது கிணறு போக வேண்டும். சராசரி 6 மீட்டர் என்றால் தூணருகே 12, கிணற்றின் அடி 16 மீட்டர். இது வெறும் காகிதக் கணக்கில்லை. ஆற்றின் தரையே மணல் அள்ளி மூன்று மீட்டர் இறங்கிவிட்டால், அந்த மூன்று மீட்டரும் கிணற்றின் பிடியிலிருந்து கழிகிறது. பாலத்துக்கு அருகில் மணல் அள்ளக் கூடாது என்ற விதியின் பொருள் இதுதான். அள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எடுப்பது பாலத்தின் காலை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் 5-ல் இப்படித்தான் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தண்ணீருக்குள் இருக்கும் தூண்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள்.

பாலத் தூணின் முன்பக்கம் ஏன் வளைவாக அல்லது கூர்மையாக இருக்கிறது?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

மேலே சொன்ன சுழலைக் குறைக்கத்தான் கண்ணு. தட்டையான முகம் நீரை முட்டி நிறுத்தும். வளைந்த முகம் பிரித்து வழிவிடும். மிதந்து வரும் மரமும் சிக்காமல் வழுக்கிப் போகும். பின்பக்கமும் வளைவாகவே இருக்கும், பார்த்தாயா? பிரிந்த நீர் அங்கே சுழிக்காமல் சேர வேண்டும். ஆனால் ஆறு தன் போக்கை மாற்றி, தூணுக்குக் குறுக்காக வந்து மோத ஆரம்பித்தால் இந்த வளைவால் பெரிய பயன் இல்லை.

நாலரை இன்ச் காம்பவுண்டு சுவர் கட்டுகிறோம். பத்தடிக்கு ஒரு பில்லர் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. செலவைக் குறைக்க பாதியை விட்டுவிடலாமா?
வாசகர், வேலூர்

வேண்டாம் சார், மேஸ்திரி சொல்வது சரி. காம்பவுண்டு சுவருக்கு மேலே கூரை கிடையாது, பக்கத்தில் குறுக்குச் சுவர் கிடையாது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது நாலரை இன்ச் கனம் தனியாக நிற்காது. இடையிடையே சுவரோடு சேர்ந்து தடித்து நிற்கும் அந்தத் தூண்கள்தான் அதற்கு விறைப்பு. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். தூணைத் தனியாக எழுப்பிவிட்டுப் பிறகு சுவரை ஒட்டவைக்கக் கூடாது. செங்கல்லை வரிசைக்கு வரிசை கோத்துக் கட்ட வேண்டும். தூணுக்கு அடியில் கடைக்கால் அகலமாக இருக்க வேண்டும். உங்கள் மண் கரிசலாக இருந்தால் மேலோட்டமான கடைக்கால் மழைக்கு எழும்பி, வெயிலுக்கு இறங்கி, சுவர் பிளக்கும். அதற்கு அடியில் குமிழ்போல் விரிந்த சிறு பைல்கள் உண்டு. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்காக வளர்த்தெடுத்த முறை அது. பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பில்லர் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகளில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் சுவர்த் துண்டும் ஒரு தூண்தான். மேலே இருக்கும் தளத்தின் எடை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலை அகலப்படுத்தி அந்தத் துண்டை ஒல்லியாக்குகிறவர்கள் நிறைய. இரண்டடிக்குக் கீழே போனால் நான் சம்மதிக்க மாட்டேன்.

2022-ல் புதுச்சேரி துறைமுகக் கடல் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது மனதை வருத்தியது. கப்பல் வந்து நிற்க, கல்லைக் கொட்டி உறுதியாகக் கட்டாமல் ஏன் தூண் ஊன்றிப் பாலம் போட்டார்கள்?
வாசகி, முத்தியால்பேட்டை

அம்மா, நீங்கள் சொல்லும் கல் கொட்டும் வேலையால்தான் உங்கள் ஊர்க் கடற்கரையே கரைந்தது.

நம் கிழக்குக் கரையில் மணல் நின்றபடி இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் போக்கு வடக்கே. தூண்கள் மேல் நிற்கும் பாலத்துக்கு அடியில் இந்த மணல் தாராளமாகப் போய்வரலாம். கல் சுவரை நீட்டினால் தெற்கே குவியும், வடக்கே பஞ்சம் வரும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே குவிந்த மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்று, கல் போட்டுத் தடுக்கவேண்டி வந்தது. கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. துறைமுகத்தை நிர்வகித்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி வடகிழக்கில் புது வாயில் திறந்தார். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் சுவர்கள் வந்தபின் நகரத்துக் கடற்கரை மணல் போனது.

சென்னையிலும் முதலில் கடல் பாலம்தான். அதற்கு முன் கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். 1861-ல் ஆயிரம் அடிக்கு மேல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் தயாரானது. அதன் கால்கள் திருகு பைல்கள். நுனியில் அகன்ற மறை வைத்த இரும்புத் தண்டைக் கடலடி மணலுக்குள் திருகி இறக்குவது. கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் மிட்செல், அயர்லாந்துக்காரர், பார்வையற்றவர். 1833-ல் காப்புரிமை பெற்றார். மணலில் நிற்கும் கலங்கரை விளக்கங்களுக்கும் அவர் முறையே அடித்தளமானது. எனக்கு இந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. சென்னைப் பாலத்தை 1868, 1872 புயல்கள் முடக்கின. பிறகுதான் சுவர்கள் வந்தன.

புதுச்சேரிக்கும் 1866-ல் இரும்புப் பாலம் வந்து, 1952 புயலில் போனது. 2022 மார்ச் 6-ல் நீங்கள் பார்த்து வருந்தியது அதற்குப் பின் கட்டியது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: தூண் ஊன்றியது சரியான முடிவு. ஆனால் கடலில் ஊன்றிய தூணை விடாமல் பார்த்துப் பராமரிக்க வேண்டும்.

கப்பல் மோதினால் எந்தத் தூணும் தாங்காதா?
வாசகர், தூத்துக்குடி

பெரிய சரக்குக் கப்பலைத் தூண் மட்டும் தாங்காது. 2024 மார்ச் 26-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மோதி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். 1980-ல் புளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் 35 பேர். அங்கே புதிதாகக் கட்டும்போது தூண்களைச் சுற்றித் தனித்தனிக் காப்புக் கட்டைகளைக் கடலில் நிறுத்தினார்கள். கப்பல் முதலில் அதில் முட்டும். பாம்பனில் 2013 ஜனவரியில் கடற்படைப் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஒன்று பழைய பாலத்தில் மோதியது. நல்லவேளை, சேதம் சிறிது.

எங்கள் ஊர்ப் பாலத்தின் தூண் கெட்டிருக்கிறதா என்று சாதாரண ஆட்கள் தெரிந்துகொள்ள முடியுமா?
வாசகி, குளித்தலை

ஓரளவு முடியும். பாலத்தின் ஒரு முனையில் நின்று கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்; நேர்கோடு எங்காவது தாழ்ந்தால் அதற்குக் கீழே இருக்கும் தூணைச் சந்தேகிக்கலாம். சாலையில் இரண்டு கண்கள் சேரும் இடைவெளி, போன வருடத்தைவிட அகன்றோ ஏறி இறங்கியோ இருக்கிறதா பாருங்கள். கோடையில் ஆறு வற்றும்போது கீழே இறங்குங்கள். மணலுக்குள் இருக்க வேண்டிய கிணற்று மூடி வெளியே தெரிந்தால், அதற்குக் கீழே வட்டமாகக் கிணற்றின் உடலும் தெரிந்தால், போட்டோ எடுத்து, எந்தத் தூண் என்று கரையிலிருந்து எண்ணிக் குறித்து, நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு மனுவாகக் கொடுங்கள். வெள்ளக் காலத்துக்கு முன்னால் கொடுங்கள்; கல் கொட்டவோ கிணற்றைச் சுற்றித் தளம் போடவோ அவர்களுக்கு வறண்ட ஆறு வேண்டும்.