தாவரவியலிலிருந்து தொலையுணர்வு ஆய்வுக்கு

தாவரவியலில் முதுகலை முடித்து, பிச்சாவரம் அலையாத்திக் காட்டைச் செயற்கைக்கோள் படங்கள் வழியே ஆராய விரும்பும் தாங்கள், நிரலாக்கம் தெரியாததால் முனைவர் பட்ட ஆய்வுக்கு யாரும் ஏற்கமாட்டார்களோ என்று தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பேன். பைத்தான் என்ற நிரல்மொழியைச் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம், ஆனால் சுரபுன்னை, கண்டல் ஆகிய அலையாத்தி மரங்களைச் சேற்றில் நின்று பிரித்தறியும் கண் அவ்வளவு எளிதில் வாய்க்காது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் நம் பகுதியைக் கடப்பது ஏறக்குறைய காலை பத்தரை மணிக்கு. அந்நேரத்தில் ஓதமோ (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மட்டத்தில் இருக்கும். நீர் ஏறியிருக்கும் நாளில், அண்மை அகச்சிவப்புக் கதிர்களை நீர் உறிஞ்சிவிடுவதால், காட்டோரத்து 10 மீட்டர் அளவுள்ள படப்புள்ளிகளில், அக்கதிர்களைக் கொண்டு பசுமையை அளக்கும் தாவரக் குறியீட்டெண் சரிந்து, நலமாக உள்ள காடும் அழிந்துவருவதுபோலத் தோன்றும். களம் அறியாதவர் (அப்படிப்பட்ட வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன்) அதையே முடிவாக எழுதிவிடுவார். வடகிழக்குப் பருவமழையின்போது மேகம் மறைத்தால், அதை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் கைகொடுக்கும். பழைய மாற்றங்களுக்கு லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் 1972 முதலான படத் தொகுப்பு உண்டு. 2008இல் அது இலவசமாக்கப்பட்டது.

டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தின் இணையவழிப் படிப்புகளில் தொடங்குங்கள். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றுவிட்டால் வழிகாட்டி கிடைப்பது எளிதாகும். ஒருவரிடம் சேரும்முன், அவருடைய மாணவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை களத்துக்குச் செல்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.